குறைவாகப் பிள்ளை போதும் என்று பெண்கள் நினைத்தாலே கருத்தடைப் பயன்பாடு கூடிவிடுமா?
கூடும், ஆனால் தானாக இல்லை. "இனி வேண்டாம்", "இப்போதைக்கு வேண்டாம்" இரண்டும் வேறு விருப்பங்கள். முதலாவதற்கு நம் பக்கம் வழி பழகிப்போனது: இரண்டாவது பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15-49 வயது மணமான பெண்களில் 100க்குச் சுமார் 58 பேர் அதைச் செய்திருந்தார்கள். ஆண்கள் செய்துகொண்டது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. எல்லாப் பாரத்தையும் பெண் உடம்பே சுமப்பது நியாயமில்லை.

தள்ளிப்போடும் விருப்பம்தான் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. உசிலம்பட்டியிலோ மேலூரிலோ புதுப்பெண் வேலைக்காக இரண்டு வருஷம் கேட்டாலும், "இன்னும் விசேஷம் இல்லையா?" என்ற கேள்விக்கு முன் அது நிற்பதில்லை. பிள்ளையைத் தள்ளிப்போட, கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டியும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா என்ற கருத்தடை ஊசியும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். கணவரையும் கூட்டிப்போய், எது ஒத்துவரும் என்று அங்கே கேளுங்கள்.