குவா ஷா எனும் சீன மரபுச் சுரண்டல் வைத்தியத்துக்குப் பின் வரும் சிவப்புத் தடங்கள் உடற்சூடு வெளியேறியதற்கு அடையாளமா?

இல்லை. அவை தோலுக்கடியில் கசிந்த இரத்தம்.

சீன வீடுகளில் கோடையில் வெயில் தாக்கித் தலைசுற்றலும் குமட்டலும் வந்தால், கழுத்திலும் முதுகிலும் எண்ணெய் தடவி, எருமைக் கொம்புத் தகட்டாலோ பீங்கான் கரண்டியின் விளிம்பாலோ ஒரே திசையில் அழுத்திச் சுரண்டுவார்கள். அந்த அழுத்தத்தில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் உடைகின்றன. கசிந்த இரத்தம் முதலில் சிவப்புப் புள்ளிகளாகவும் பிறகு ஊதாப் பட்டைகளாகவும் தெரிகிறது. பெரும்பாலும் சில நாட்களில், அதிகம் போனால் ஒரு வாரத்தில், உடல் அதை உறிஞ்சிக்கொள்ளும்.

தடம் எவ்வளவு கறுக்கிறதோ அவ்வளவு 'நச்சுச் சூடு' உள்ளே இருந்தது என்பது மரபு வைத்தியத்தின் வாசிப்பு. ஆனால் கை அழுத்தம், தோலின் தன்மை, வயது, உட்கொள்ளும் மருந்து எல்லாமே நிறத்தை மாற்றும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு இலேசாகச் சுரண்டினாலே பெரிய கன்றல் வரும். அவர்கள் இதைத் தவிர்ப்பதே நல்லது. சுரண்டிய இடத்தில் சற்று நேரம் இரத்த ஓட்டம் கூடுவதும் தசை இறுக்கம் தளர்வதும் உண்மை. அந்த இதத்தை நான் மறுக்கவில்லை.

என் கவலை வேறு. உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, பேச்சு குழறினாலோ நினைவு தவறினாலோ அது உயிருக்கு ஆபத்தான வெப்பத்தாக்கு. அப்போது சுரண்டிக்கொண்டிருக்காதீர்கள். ஆம்புலன்ஸை அழையுங்கள், நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.