ஹிரோஷிமாவில் இன்று சனம் வாழுது என்றால், அணுகுண்டு அவ்வளவு ஆபத்தில்லையா?

கேள்வி கேட்டவர் எழுதியது இது: "ஹிரோஷிமாவில் 75 வருடத்துக்குப் புல்லும் முளைக்காது என்றார்கள். இன்று அங்கே பத்து லட்சத்துக்கு மேல் சனம் இருக்கிறது. அப்படியென்றால் கதிர்வீச்சுப் பயம் எல்லாம் ஊதிப் பெருப்பித்த கதைதானே?"

இல்லை. ஹிரோஷிமாவை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும்.

நான் விஞ்ஞானி இல்லை. கிளிநொச்சிப் பக்கம் ஐந்து வருடம் மிதிவெடி அகற்றும் வேலை செய்தவள். இப்போது கொஞ்சம் தோட்டமும் இரண்டு மாடும். அந்த வேலையில் முதலில் பழகுவது ஒன்று: என்ன வெடித்தது என்று கேட்டால் போதாது, எங்கே வெடித்தது என்றும் கேட்க வேண்டும்.

1945 ஆகஸ்ட் 6 காலை 8.15க்கு அந்தக் குண்டு நிலத்தில் விழுந்து வெடிக்கவில்லை. ஏறக்குறைய 600 மீற்றர் உயரத்தில் வெடித்தது. அடி பரவலாக விழட்டும் என்று கணக்குப் பார்த்து வைத்த உயரம் அது. நெருப்புக் கோளம் நிலத்தைத் தொடவில்லை. அதனால் மண்ணை அள்ளி மேலே இழுக்கவில்லை. யுரேனியம் பிளந்து உண்டான கதிர்வீச்சு நச்சில் பெரும்பகுதி புகையோடு உயரப் போய்க் காற்றில் கலைந்துவிட்டது. குண்டில் இருந்து தெறித்த நியூத்திரன் என்ற அணுத்துகள் மண்ணில் பட்டு உண்டான கதிர்வீச்சும் கிழமைக் கணக்கில் பெரும்பாலும் அடங்கிவிட்டது. அடுத்த வருடம் அங்கே அலரி பூத்தது. இன்று அந்த நகரத்தின் பூவே அலரிதான். (2010இல் நாங்கள் மீள்குடியேறி வந்தபோது எங்கள் வளவிலும் கூரை இல்லை, கிணற்றுக் கட்டு இல்லை, அலரி மட்டும் ஆளுயரத்துக்கு மேல் நின்றது. மாடும் வாய் வைக்காத மரம், பிறகு ஏன் நிற்காது.)

அது மண்ணின் கதை. ஆட்கள் அப்படித் தப்பவில்லை. அந்த வருட முடிவுக்குள் ஹிரோஷிமாவில் மட்டும் ஏறக்குறைய 1,40,000 பேர் செத்தார்கள். உடம்பில் ஒரு காயமும் இல்லாமல் தப்பினேன் என்று இருந்தவர்களுக்கும் இரண்டு மூன்று கிழமையில் தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கழன்றது, பல் முரசில் இரத்தம் கசிந்தது, தோலில் ஊதாப் புள்ளி போட்டது. குருதிப் புற்றுநோய் சில வருடம் கழித்துத் தலைதூக்கி, ஆறு தொடக்கம் எட்டு வருடத்தில் உச்சத்துக்குப் போனது. மற்றப் புற்றுநோய்கள் வயது போகப் போக வந்துகொண்டே இருந்தன. அன்று வயிற்றில் இருந்த சில பிள்ளைகள் சின்னத் தலையோடும் அறிவு வளர்ச்சிக் குறைவோடும் பிறந்தார்கள்.

ஆனால் குண்டுக்குப் பிறகு கருவான பிள்ளைகளைப் பல பத்து வருடம் தொடர்ந்து பார்த்தும், பரம்பரைக் கோளாறு கூடியதாக ஆய்வாளர்கள் காணவில்லை. இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. தப்பி வந்தவர்களுக்குக் கலியாணம் பேசவே ஜப்பானில் சனம் பின்வாங்கியது. எனக்கு இடது தோளில் ஒரு எறிகணைத் துண்டு இருக்கிறது, எடுக்க வேண்டாம் என்று டொக்டர் விட்டுவிட்டார். பெண் பார்க்க வந்த ஒரு தாய் எங்கள் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்: "அது உள்ளுக்க கரைஞ்சு பிள்ளையளுக்குப் போகாதோ?" அம்மா தேத்தண்ணியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

காற்றோடு போனது என்று சொன்னேன். முழுக்கப் போகவில்லை. எரிந்த நகரத்தின் கரியோடு சேர்ந்து கொஞ்சம் அன்றே கறுப்பு மழையாகக் கீழே வந்தது. அந்த மழையில் நனைந்தும் பட்டியலில் சேர்க்கப்படாத 84 பேர் வழக்குப் போட்டார்கள். அவர்களும் குண்டால் பாதிக்கப்பட்டவர்களே என்று ஹிரோஷிமா உயர் நீதிமன்றம் சொன்னது 2021இல். இன்றைக்கு நூறு நகரங்கள் அப்படி எரிந்தால் 50 லட்சம் தொன் கரி மழைக்கு எட்டாத உயரத்துக்குப் போய் வெயிலை மறைக்கும், பருவமழை குறையும் என்று கணித்திருக்கிறார்கள். மாரி பொய்த்தால் இரணைமடுக் குளத்தில் என்ன இருக்கும், காலபோக நெல்லுக்கு என்ன நடக்கும் என்று வன்னிக்காரருக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இனி மற்ற வகை. 1954 மார்ச் 1, பசிபிக்கில் பிகினித் தீவுத் திடல். அமெரிக்கா 'பிராவோ' என்ற குண்டை நில மட்டத்தில் வைத்து வெடித்தது. ஹிரோஷிமாவைப் போல ஆயிரம் மடங்கு. பவளப்பாறை தூளாகி, நச்சைப் பூசிக்கொண்டு, சில மணித்தியாலத்தில் ரொங்கலாப் தீவில் வெள்ளைப் பொடியாகக் கொட்டியது. பிகினியில் இருந்து அது, நேரே பார்த்தால், இரணைமடுவில் இருந்து தம்புள்ளை தூரம். பிள்ளைகள் அதில் விளையாடினார்கள். ஏறக்குறைய இரண்டு நாள் கழித்துத்தான் சனத்தை ஏற்றினார்கள். அதற்குள் வாந்தி, தோல் எரிவு. அன்று பத்து வயதுக்குக் கீழே இருந்த பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குப் பின்னாளில் தைரொயிட்டில் கட்டி வந்தது.

அந்தப் பொடியில் இருந்தவை எங்கள் வீட்டுக் குசினிக்குள் வருகிற வழி தெரிந்தவை. தைரொயிட்டில் போய்ச் சேரும் அயடீன்-131 எட்டு நாளில் பாதியாகும். ஆனால் புல்லில் விழுந்து மாட்டுக்குள் போய்ப் பாலில் வர எட்டு நாள் வேண்டாம். ஸ்ட்ரோன்சியம்-90ஐ உடம்பு கல்சியம் என்று நினைத்து எலும்பிலும் பல்லிலும் வைத்துக்கொள்ளும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் தாய்மார், நாங்கள் கூரையில் எறிகிற பாற்பற்களைச் சேர்த்து ஆய்வுக்கு அனுப்பினார்கள், மூன்று லட்சத்துக்கு மேல். அணுகுண்டுப் பரிசோதனைகள் கூடின காலத்தில் பிறந்த பிள்ளைகளின் பல்லில் ஸ்ட்ரோன்சியம் பல மடங்கு.

சீசியம்-137 பொட்டாசியம் மாதிரி நடிக்கும், பாதியாக 30 வருடம். பிகினி மண்ணில் பொட்டாசியம் குறைவு, ஆகவே தென்னை சீசியத்தை இழுத்தது. பிகினிக்குத் திரும்பிப் போய்க் குடியேறிய சனத்தின் உடம்பில் அது ஏறியதைக் கண்டு 1978இல் மறுபடி வெளியேற்றினார்கள். பொட்டாசியம் உள்ள எம்ஓபி பசளை போட்டால் தேங்காயில் சீசியம் குறைகிறது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். நாங்கள் நெல்லுக்குப் போடுகிற அதே உப்புப் பசளை. மண்ணில் இருப்பதை அது அகற்றாது, மரத்தை வேறு பக்கம் பார்க்க வைக்கும், அவ்வளவுதான்.

மிதிவெடிக்கு ஒரு இடம் உண்டு. டிடெக்டர் கத்தும், நாங்கள் முழங்காலில் இருந்து விறாண்டி எடுப்போம், எடுத்தால் முடிந்தது. காணியைக் கையளிக்கும் நாளில் நாங்களே அதில் நடந்து காட்டுவோம்.

ரொங்கலாப் சனத்துக்கு 1957இல் 'பாதுகாப்பு, போங்கள்' என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். 28 வருடம் அந்தத் தேங்காயையும் மீனையும் தின்றார்கள். 1985இல் தாங்களாகவே வெளிக்கிட்டார்கள், கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் 'ரெயின்போ வோரியர்' கப்பலில். வீட்டைக் கழற்றிப் பலகையும் தகரமும் கையோடு ஏற்றிக்கொண்டு போனார்கள். 2008இல் நாங்கள் உழவு இயந்திரப் பெட்டியில் கூரைத் தகரமும் கதவு நிலையும் ஏற்றின மாதிரி. எங்களுக்கு ஒன்றரை வருடத்தில் திரும்பி வர ஒரு வளவு இருந்தது.