கோலாலம்பூர் மலிவு அடுக்குமாடித் தெருக்கள் ஏன் இப்படிச் சீரழிந்து கிடக்கின்றன?

சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயாவிலிருந்து (நமக்கு இன்னும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான்) நகரத்துக்கு வேலைக்குப் போன தம்பி கேட்கிறார்: "நம்ம ஆளுங்களுக்குச் சுத்தம் தெரியாதா?"

அப்படி இல்லை தம்பி. லயத்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டு) வாசலைத் தினமும் கூட்டிக் கோலம் போட்டவர்கள்தான் இவர்கள். தோட்டத்தில் வேலையோடுதான் வீடு. நிலம் வீடமைப்புக்குக் கைமாறியபோது இரண்டும் சேர்ந்தே போயின. பலர் நகரத்தில் புறம்போக்கில் பலகை வீடு கட்டினார்கள். அதையும் உடைத்த பிறகு அடுக்குமாடி.

லயத்துக் கால்வாயை நிர்வாகம் பார்த்துக்கொண்டது. அடுக்குமாடியில் மின்தூக்கி, படிக்கட்டு, விளக்கு எல்லாம் பொதுச் சொத்து. 2013ஆம் ஆண்டின் ஸ்த்ராத்தா (அடுக்குமாடிக் கட்டட) நிர்வாகச் சட்டப்படி வீட்டு உரிமையாளர்கள் பராமரிப்புக் கட்டணமும், கட்டடத்தின் பெரிய செலவுகளுக்கான சேமநிதியும் கட்ட வேண்டும். பலர் கட்ட முடியாமல் போனால் பழுதுபார்க்கக் காசு இருக்காது. அப்புறம் குப்பை தேங்கும், விளக்கு அணையும், இருட்டில் வேண்டாத கூட்டம் சேரும்.

என் அத்தை ஆறாவது மாடி. மின்தூக்கி ஓடாத நாளில் அவர் மகன் கேஸ் தோம்பை (சிலிண்டரை) தோளில் சுமந்து ஏறுவான். அவன் இறக்கி வைத்து மூச்சு வாங்கும் திருப்பங்களில் சிமெண்டில் துருப்பிடித்த வட்டத் தடம் இருக்கிறது. அத்தை வீட்டு வாசலிலோ இன்றைக்கும் கோலம்.