பின்கழுத்துத் தோல் கெட்டியாகிறதா? மியூசின் படிவும் இனிப்பு நீரும்

"என் கணவருக்கு 56 வயது. நெடுநாளாக இனிப்பு நீர். இப்போது பின்கழுத்தும் மேல்முதுகும் பலகை மாதிரி கெட்டியாகிவிட்டன. காரைப் பின்னால் எடுக்கும்போது தலையைத் திருப்ப முடியவில்லை என்கிறார். தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதித்து, மியூசின் படிந்திருக்கிறது என்றார்கள். இணையத்தில் தேடினால் புற்றுநோய் என்று வருகிறது. தொற்றுமா? கிரீம் பூசினால் போதுமா?"
– வாசகி, ஜூரோங் வெஸ்ட், சிங்கப்பூர்

முதலில், பயப்படாதீர்கள். தோலில் இப்படி மியூசின் என்ற கூழ் போன்ற பொருள் படிவது புற்றுநோய் அல்ல. யாருக்கும் தொற்றாது. சில புற்றுநோய்களின் பெயரிலும் மியூசின் என்ற சொல் வரும், அதனால்தான் தேடல் உங்களை அங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால், நீரிழிவோடு வரும் ஸ்கிலரெடீமா என்ற தோல் இறுகும் நோய் போலத் தெரிகிறது. பல வருட நீரிழிவும் உடல் பருமனும் உள்ள நடுவயது ஆண்களிடம்தான் இதை அதிகம் பார்க்கிறோம்.

மியூசின் எல்லார் தோலிலும் கொஞ்சம் உண்டு. அதில் பெரும்பங்கு ஹையலூரானிக் அமிலம், நீரைப் பிடித்து வைப்பது அதன் வேலை. (முகத்துக்குப் பூசும் சீரத்தில் இருப்பதும் இதுதான். ஆனால் சீரம் பூசி இந்த நோய் வருவதில்லை.) ஸ்கிலரெடீமாவில் தோலின் உள்ளடுக்கில் கொலாஜன் என்ற புரத இழைகள் தடித்துவிடும். அவற்றின் இடைவெளியில் மியூசின் சேர்ந்து தோல் இறுகும். இவ்வளவு ஆழத்தில் இருப்பதால் மேலே பூசும் கிரீமால் பெரிய பலன் கிடைக்காது.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். அவருடைய பின்கழுத்துத் தோலைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் கிள்ளித் தூக்குங்கள். ஸ்கிலரெடீமா என்றால் மடிப்பு எழாது, அழுத்தினாலும் குழி விழாது. நம்மவர்களிடம் அடிக்கடி காணும் பின்கழுத்துக் கருமை வேறு. அங்கே தோல் கறுத்துச் சொரசொரப்பாக இருக்கும், கிள்ளினால் மடியும்.

மியூசின் எந்த இடத்தில் படிகிறது என்பது உடம்புக்குள் எதைத் தேடுவது என்று காட்டிக்கொடுக்கும். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தடித்தால் தைராய்டு, குறிப்பாகத் தைராய்டு அதிகமாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய். முகத்திலும் கைகளிலும் மெழுகுப் பளபளப்போடு சிறு கட்டிகள் வரிசை வரிசையாக வந்தால் ரத்தத்தில் ஒரு புரதக் கோளாறு இருக்கலாம். ஸ்கிலரெடீமாவும் சிலருக்கு இந்தப் புரதக் கோளாறோடு வருவதுண்டு. எனவே நீரிழிவுதான் காரணம் என்று முடிவுகட்டும் முன், கடந்த சில மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையோடு புரத எலக்ட்ரோபோரெசிஸ் என்ற ரத்தப் பரிசோதனையும் செய்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். இந்தக் கேள்வி விட்டுப்போகக் கூடாது.

'தானாகவே சரியாகிவிடும்' என்றும் படித்திருப்பீர்கள். அது தொற்றுக்குப் பிறகு வரும் வகை. பெர்லின் மருத்துவர் ஆபிரகாம் புஷ்கே 1902-இல் விவரித்த நோயாளிக்கு ஃப்ளூ காய்ச்சலுக்குப் பிறகு வந்தது. அந்த வகை பெரும்பாலும் சில மாதங்களிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தணிந்துவிடும். நீரிழிவோடு வருவது அப்படிப் போவதில்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தாலும் தோல் இளகாமல் போகலாம். அதற்காகச் சர்க்கரையை அலட்சியம் செய்துவிடாதீர்கள், கண், சிறுநீரகம், கால் எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன.

தோலுக்கு இப்போது பலரும் முதலில் முயல்வது ஒளிச் சிகிச்சை. புற ஊதாக் கதிர்களை அளவோடு, வாரத்தில் சில முறை, மாதக்கணக்கில் கொடுப்பார்கள். சிலருக்கு நன்றாக இளகும், சிலருக்குக் கொஞ்சம்தான். அதோடு பிசியோதெரபியும் வேண்டும். கழுத்தையும் தோள்களையும் தினமும் அசைக்காவிட்டால் இறுக்கம் கூடிவிடும். தைலம் தேய்த்து மெல்லப் பிடித்துவிடுவதில் தவறில்லை. ஆனால் சூடான ஒத்தடம் வேண்டாம். நீரிழிவு உள்ளவருக்குச் சூடு உறைக்காமல் தோல் வெந்துபோகக்கூடும்.

பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கி மண்டாலே ரோட்டில் உள்ள நேஷனல் ஸ்கின் சென்டருக்குப் போனால் மானியக் கட்டணம் கிடைக்கும். தோல் சோதனை அறிக்கையின் நகலை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். இரவில் பலமாகக் குறட்டை விட்டு, பகலில் தூங்கி வழிகிறார் என்றால் அதையும் சொல்லுங்கள், இந்த நோயோடு தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதும் வரலாம். விரல் தோல் இறுகினாலோ குளிரில் விரல்கள் வெளுத்தாலோ அது ஸ்கிலரோடெர்மா என்ற வேறு நோயாக இருக்கலாம். அப்போது அடுத்த தவணை வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.