மதுரையில் ஸ்போர்ட்ஸ் காரை தினமும் ஓட்ட முடியுமா?

ஓட்டலாம், நான் ஓட்டுகிறேன். எஞ்சின் பலத்தைவிட, தரைக்கும் காரின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளிதான் இங்கே பிரச்சினை. சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் அமைப்பின் நெறிமுறைப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், தெருக்காரர்களே போட்டவை அதையும் தாண்டும். பல ஸ்போர்ட்ஸ் கார்களின் அடி இடைவெளியே 11, 12 செ.மீ.தான். நேராக ஏறினால் முன் பம்பர் உரசும். வண்டியைச் சற்றுச் சாய்த்து, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குங்கள். முன்பக்கத்தைத் தூக்கும் லிஃப்ட் வசதி கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள், மற்ற அலங்காரமெல்லாம் அப்புறம்.

டயரின் பக்கச்சுவர் குட்டை; பள்ளத்தில் விழுந்தால் ரிம் வளையும். காற்றைக் காலையில், டயர் சூடாகும் முன் பாருங்கள்.

மீனாட்சி கோயிலைச் சுற்றியுள்ள நெரிசலான மாசி வீதிகள் வேண்டவே வேண்டாம். ஞாயிறு விடியலில் தல்லாகுளத்தில் தொடங்கும் நத்தம் பறக்கும் பாலம், 7.3 கி.மீ.: வேக வரம்புக்குள்ளேயே அத்தனை சுகம்! பெட்ரோல் பங்கில் பிள்ளைகள் போட்டோ கேட்பார்கள், உள்ளே உட்காரவும் வையுங்கள்.