வயசானா மூச்சு வாங்கத்தானே செய்யும்? நீல இன்ஹேலர் மட்டும் போதாதா?

68 வயது அம்மா மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறார், வீட்டில் கிடக்கும் உங்கள் தம்பியின் நீல இன்ஹேலரை ரெண்டு முறை அடித்தால் சரியாகிவிடுகிறது, டாக்டரிடம் போகத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் போங்கள்.

என் அப்பா மாடிப்படியில் பாதியில் நின்று கைக்கடிகாரத்தைச் சரிசெய்வார், ஒவ்வொரு தடவையும். அது மூச்சு வாங்குவதற்கான சாக்கு என்று புரிய எங்களுக்கு ரெண்டு வருஷம் ஆனது. கேட்டால் "வயசாகுதுல்ல" என்பார். அது பாதி உண்மைதான். முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்றை ஊதித் தள்ள முடிகிறது என்ற கணக்கு 20-25 வயதில் உச்சத்தில் இருக்கும். அப்புறம் வருஷத்துக்கு 25-30 மில்லி போலக் குறைந்துகொண்டே வரும். நெஞ்சுக்கூடு விறைக்கும், நுரையீரலின் இழுவை தளரும். ஆனாலும் நோயில்லாத நுரையீரலில் கையிருப்பு ஏராளம். ஒரு மாடிக்கே நிற்க வேண்டியிருந்தால் நுரையீரலோ, இதயமோ, ரத்தசோகையோ, என்னவென்று பார்த்தே ஆக வேண்டும்.

அப்பாவுக்கு ஸ்பைரோமெட்ரி, அதாவது ஊதும் காற்றை அளக்கும் சோதனை, எடுத்தார்கள். மூக்கில் கிளிப், வாயில் குழாய். "ஊதுங்க, ஊதுங்க, இன்னும்... விடாதீங்க!" என்று அந்தப் பெண் கத்த, அப்பா முகம் சிவந்துபோனது. மருந்து கொடுத்து, கால் மணி நேரம் உட்கார வைத்து, மறுபடியும் ஊதச் சொன்னார்கள். முதல் நொடியில் வந்த காற்று மொத்தத்தில் 58 சதவீதம்தான். 70-க்குக் கீழே போனால் சிஓபிடி-யா, அதாவது மூச்சுக்குழாய் நிரந்தரமாகக் குறுகிப்போகும் நுரையீரல் நோயா, என்று யோசிப்பார்கள் (வயதானவர்களுக்கு இயல்பாகவே இது கொஞ்சம் இறங்கும் என்பதால் வயதையும் சேர்த்துப் பார்ப்பார்கள்). "சிகரெட்டை விட்டுத்தான் 20 வருஷம் ஆச்சே!" என்று அப்பாவுக்கு ஒரே கோபம்.

2015-ல் வந்த ஓர் ஆய்வு எனக்கு இதில் கண்ணைத் திறந்தது. சிஓபிடி வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நுரையீரல் வேகமாகத் தேயவே இல்லையாம். இளமையிலேயே அவர்களுடைய உச்சம் தாழ்வாக இருந்திருக்கிறது. குறைப்பிரசவம், சின்ன வயதுத் தொற்று, வீட்டுப் புகை, சரியாகக் கவனிக்காத ஆஸ்துமா எல்லாம் அந்த உச்சத்தைக் குறைக்கக்கூடியவை.

கடைசியாகச் சொன்னது என் விஷயம். 11 வயதிலிருந்து எனக்கு வீசிங். பல வருஷம் நீல இன்ஹேலரை மட்டும் வைத்தே ஓட்டினேன். அதிலிருக்கும் சால்புட்டமால் இறுகிய தசையைச் சில நிமிஷத்தில் தளர்த்திவிடும். மூச்சுக்குழாயின் உள்வீக்கத்தை அது தொடாது. நிம்மதி உடனே கிடைப்பதால் வீக்கம் நம் கண்ணில் படுவதே இல்லை. "வருஷத்துக்கு எத்தனை நீலம் வாங்குறீங்க?" என்று டாக்டர் கேட்டபோது எட்டு என்றேன், பெருமையாகக்கூட இருக்கலாம். மூன்றைத் தாண்டினாலே கடும் இளைப்பு வரும் ஆபத்து கூடுகிறது என்றார்.

சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டியான ஜினா, பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் நீல இன்ஹேலரை மட்டுமே கொடுத்து விட்டுவிடாதீர்கள் என்று 2019-லேயே சொல்லிவிட்டது. அதற்கு முந்தைய வருஷம் வந்த ஒரு பெரிய சோதனையில், லேசான ஆஸ்துமாக்காரர்கள் தேவைப்படும்போது வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டான பியூடசோனைடும், மூச்சுக்குழாயைத் திறக்கும் ஃபார்மோட்டராலும் சேர்ந்த இன்ஹேலரை எடுத்தபோது, நீலத்தின் வகையைச் சேர்ந்த மருந்தை மட்டும் எடுத்தவர்களைவிடக் கடும் இளைப்பு 64 சதவீதம் குறைந்தது. நானும் இப்போது அதில்தான் இருக்கிறேன். "ஸ்டீராய்டா? பழகிடுமே!" என்று பயப்படாதீர்கள். அளவு மைக்ரோகிராமில்தான். இழுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பினால் போதும்.

ஆனால் இது ஆஸ்துமாவுக்கான கதை, சிஓபிடி-க்கு வைத்தியம் வேறு. அப்பாவுக்கு நீண்ட நேரம் மூச்சுக்குழாயைத் திறந்து வைக்கும் மருந்து, கூடவே மூச்சுப் பயிற்சி. ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற ஒருவகை வெள்ளணு அதிகமுள்ள சிஓபிடி-க்காரர்களுக்கு டுபிலுமாப் என்ற ஊசியை 2024-ல் அமெரிக்கா அனுமதித்தது. அது நோயை மாற்றிவிடாது, திடீரென்று முற்றுவதை மூன்றில் ஒரு பங்கு போலக் குறைக்கிறது. அதனால்தான் தம்பியின் இன்ஹேலரை அம்மாவுக்குக் கொடுக்காதீர்கள் என்கிறேன். அவருக்கு என்ன நோய் என்றே இன்னும் தெரியாதே.

போகும்போது அவர் அடித்துக்கொள்ளும் இன்ஹேலரையும் எடுத்துப்போய் டாக்டர் முன்னாலேயே அடித்துக் காட்டச் சொல்லுங்கள். அப்பா முதலில் அழுத்திவிட்டு அப்புறம்தான் மூச்சை இழுப்பார். மருந்து பூராவும் நாக்கில்தான் படிந்துகொண்டிருந்தது. ஸ்பேசர் என்ற குழாயை இன்ஹேலரில் மாட்டிய பிறகுதான் உள்ளே போக ஆரம்பித்தது.