லினக்ஸ் லேப்டாப்பில் விண்டோஸ் மென்பொருளை ஓட்ட உதவும் மெய்நிகர் கணினி என்பது என்ன?

ஒரு கணினிக்குள் மென்பொருளாலேயே அமைக்கப்படும் இன்னொரு கணினிதான் மெய்நிகர் கணினி. விண்டோஸுக்காக எழுதிய மென்பொருள், கோப்பைத் திறப்பது முதல் திரையில் வரைவது வரை எல்லாவற்றையும் விண்டோஸிடமே கேட்கும். அந்த அழைப்புகள் லினக்ஸுக்குப் புரியாது. அதனால் விண்டோஸையே முழுதாக உள்ளே நிறுவுகிறோம். மாடியில் தனிச் சமையலறையோடு ஒரு குடித்தனம் வைப்பது போல: தண்ணீர்த் தொட்டி பொது, புழக்கம் தனி.

தொட்டி பொது, அதாவது ராமும் வட்டும் பொது என்பதில்தான் சிக்கலே. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி ராமும் 64 ஜிபி வட்டு இடமும் வேண்டும். மொத்தமே 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் 6 ஜிபியை உள்ளே கொடுத்தால் இரண்டும் திணறும். பாதிக்கு மேல் தராதீர்கள். மெய்நிகர் கணினியை அமைக்கும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸ் 64-பிட் விண்டோஸைத் தொடங்க மறுத்தால், பெரும்பாலும் பயாஸில் (லேப்டாப் தொடங்கும்போதே ஓடும் அடிப்படை அமைப்பில்) மெய்நிகராக்க வசதி அணைந்திருக்கும். இன்டெலில் அதன் பெயர் விடி-எக்ஸ்; ஏஎம்டியில் எஸ்விஎம் என்று இருக்கும். அதை இயக்கிச் சேமித்துவிட்டு லேப்டாப்பை மீண்டும் தொடங்குங்கள். கனமான முப்பரிமாண விளையாட்டுகளுக்கு மட்டும் இந்த வழி வேண்டாம், கிராஃபிக்ஸ் வேகம் நன்றாகவே குறையும்.

இப்படி நிறுவினால் லினக்ஸ் அழிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அழியாது, உள்ளிருக்கும் விண்டோஸின் வட்டு முழுவதும் லினக்ஸின் கண்ணுக்கு ஒரு பெரிய கோப்பு மட்டுமே.